செத்தவளுக்கு என்ன அவசரம்

என் பொண்ணுக்கு அப்போ ஆறு வயசு. பேச்சு திக்கும். "த... த..."ன்னு அவ முட்டிக்கிட்டு நிக்கும்போதே, "தண்ணியா? இந்தா"ன்னு டம்ளரை நீட்டிடுவேன். பாதி நாள் அவ கேக்க வந்தது தலை பின்னிவிடச் சொல்லி. ஆனா அந்தத் தண்ணிய வாங்கிக் குடிச்சிட்டுப் போயிடுவா.

எனக்கு எப்பவுமே அவசரம். அம்பத்தூர் எஸ்டேட்ல துணி கம்பெனியில தையல் வேலை. ஆறு மணிக்கு விட்டு, பஸ்ஸைப் பிடிச்சு, கள்ளிக்குப்பத்துல வீடு வந்து சேர ஏழு ஆயிடும். அதுக்கு மேல சோறு வடிச்சு, பாத்திரம் கழுவி, ஹோம்வொர்க் எழுத வச்சு... வாய்ல வந்து நிக்கிற வார்த்தைக்காகக் காத்துக்கிட்டு இருக்க யாருக்கு நேரம்? வீட்டுக்காரருக்கு பாடி பக்கம் ஃபேக்டரி வேலை, ஷிஃப்டு மாறி மாறி வரும். ஸ்கூல் விட்டு வர்ற புள்ளைய மாடியில குடியிருக்கிற எங்க அண்ணன் பொண்டாட்டிதான் பாத்துக்குவாங்க. தங்கமான மனுஷி. சாயங்காலம் எங்க வீட்ல டிவியப் போட்டு புள்ளைய உக்கார வச்சிட்டு, மேல போயி அவங்க வேலையப் பாப்பாங்க.

அஞ்சு மணிக்கு குழந்தைங்களுக்கு ஒரு நிகழ்ச்சி வரும். அதுல ஒரு பேய் பாடம் நடத்தும். நிஜமாத்தான் சொல்றேன். பச்சை மூஞ்சி, தேங்கா நார் மாதிரி தலைமுடி, வெளிய நீட்டிக்கிட்டு ஒத்தப் பல்லு, இடுப்புல வெள்ளைப் புடவை. ஒரு லீவு நாள் அது திரையில வந்து நின்னதைப் பாத்துட்டு, "கண்றாவி! இதையாடி பாக்குற?"ன்னு கத்திட்டு துணி காயப்போடப் போயிட்டேன். அது என்ன பேசுதுன்னு நின்னு கேக்கல.

அப்புறம் ஒருநாள் வேலை முடிஞ்சு வந்து செருப்பைக் கழட்டுறேன், உள்ளேர்ந்து கரகரன்னு ஒரு கொரலு. "வா கண்ணு, உக்காரு. மெதுவா சொல்லு. எனக்கு அவசரமே இல்ல. நான் செத்து நூறு வருஷம் ஆச்சு."

டிவி ஓடல. என் பொண்ணு தலைய விரிச்சு மூஞ்சில போட்டுக்கிட்டு, பொம்மை முன்னாடி உக்காந்து பேசிக்கிட்டு இருக்கா. ஒரு எடத்துலகூட திக்கல. பெத்தவ சந்தோஷப்படணுமா இல்லியா? பன்னெண்டாவது படிச்சவ நான், எனக்கு அந்தப் புத்தி வரல. அண்ணின்னு அலறினேன்.

அண்ணி ஓடி வந்தாங்க. "ஐயோ, இன்னா கொரலு இது! அந்தப் பேயப் பாத்து பாத்து உள்ள இன்னாமோ பூந்துகினு கீது. நாளைக்கே நம்ம சர்ச் ஊழியக்காரம்மாவ ஜெபம் பண்ண இட்டுகினு வரேன்."

"வரச் சொல்லுங்க"ன்னு சொன்னது நான்தான். அண்ணி மேல பழிய போட்டுட்டுத் தப்பிக்க எனக்கு மனசு வரல.

மறுநாள் சாயங்காலம் எங்க சபையிலேர்ந்து ஊழியக்காரம்மா, கூட ரெண்டு சிஸ்டருங்க. நல்லவங்கதான், என் புள்ளைக்காகத்தான் வந்தாங்க. புள்ளைய நடுவுல உக்கார வச்சு, தலையில கைய வச்சு, "நீ யாரு? பேரு சொல்லு!"ன்னு அதட்டினாங்க. புள்ள என்னைப் பாத்தா.

"நா... நா... நா..."

"சொல்லுடி! சீக்கிரம் சொல்லு!"ன்னு நான் கத்தினேன். அவ ரெண்டு மணிக்கட்டையும் இறுக்கிப் பிடிச்சிருந்தேன்.

அவளுக்கு மூஞ்சி செவந்துடுச்சு. அதுக்கு மேல முடியாம, அந்தக் கரகரக் கொரல எடுத்தா. "மெதுவா... எனக்கு அவசரமே இல்ல. நான் செத்து நூறு வருஷம் ஆச்சு."

அவ்வளவுதான், வீடே அதிர்ற மாதிரி ஜெபம். கொஞ்சம் நேரம் குடுங்கன்னு கெஞ்சியிருக்கா என் பொண்ணு. திக்காம வர்ற ஒரே கொரல்ல கெஞ்சியிருக்கா. நாங்க அதைப் பிசாசுன்னு நெனச்சோம். அவ ஒண்ணுக்குப் போயி பாவாடை நனைஞ்சதை அப்புறந்தான் பாத்தேன்.

"எல்லாம் போயிடுச்சும்மா"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. போனது நிஜந்தான். மறுநாள்லேர்ந்து புள்ள வாயே திறக்கல. சோறு வேணும்னா தட்டைக் காட்டுவா, வேணாம்னா தலைய ஆட்டுவா. வகுப்புல பேசுறதே இல்லைன்னு டீச்சர் ஸ்கூல் டைரியில எழுதி அனுப்பினாங்க. "கர்த்தர் சரி பண்ணுவாரு"ன்னாங்க அண்ணி. ஒரு வாரம் போச்சு, ரெண்டு வாரம் போச்சு. இனிமே பேசவே மாட்டாளோன்னு எனக்கு வேலையில கை ஓடல. தையல் கோணக் கோணப் போச்சு.

லீவு போட்டுட்டு ஒருநாள் அஞ்சு மணிக்கு நானே டிவியப் போட்டேன். அது என்னதான் சனியன்னு பாத்துடணும்னு ஒரு ஆத்திரம். புள்ள கதவோரமா ஒதுங்கி உக்காந்துக்கிட்டா.

பேய் வந்துச்சு. ஒரு வாழப்பழத்தைத் தூக்கிக் காட்டி, "இது என்ன கண்ணு?"ன்னு கேட்டுச்சு. கேட்டுட்டு, தாடைக்குக் கை குடுத்துக்கிட்டு கம்முனு நம்மளையே பாத்துச்சு. பாத்துக்கிட்டே இருந்துச்சு. கேபிள் நின்னுடுச்சுன்னு நெனச்சு எழுந்து போயி பாக்ஸை ரெண்டு தட்டு தட்டினேன். அப்போ அது கண்ணைச் சிமிட்டி சிரிச்சுச்சு. "மெதுவா சொல்லு. எனக்கு அவசரமே இல்ல. நான் செத்து நூறு வருஷம் ஆச்சு. செத்தவளுக்கு என்ன அவசரம்?" மறுபடியும் கம்முனு இருந்துச்சு.

ஆறு வருஷத்துல எங்க வீட்ல என் பொண்ணுக்காக யாரும் அப்படிக் காத்திருந்தது இல்ல. அந்தக் கோரப்பல்லுக்காரிக்கு இருந்த பொறுமை பெத்தவளுக்கு இல்லாம போச்சேன்னு, அங்கயே தரையில உக்காந்து அழுதேன்.

அன்னிலேர்ந்து வேலை விட்டு வந்ததும் அவ பக்கத்துல போயி கீழ உக்காருவேன். எதுவும் கேக்க மாட்டேன். குக்கர் விசில் அடிக்கும், ஃபோன் அடிக்கும், எழுந்திருக்க மாட்டேன். மூணு நாளு ஒண்ணும் நடக்கல. நாலாவது நாளு என் புடவைத் தலைப்பைப் பிடிச்சு இழுத்தா.

"அ... அம்மா."

எனக்கு உசுரே வந்துச்சு. "ம்"னு மட்டும் சொன்னேன்.

"அ... அ... அன்னிக்கு..."

கை வலிச்சுதா, பேய்க்கு பயந்துட்டியா, ஜெபம் சத்தமா இருந்துச்சான்னு பத்து கேள்வி என் நாக்கு நுனியில வந்து நின்னுச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

"எ... எனக்கு... உ... உ... உன்னப் பாத்துதாம்மா பயமா இருந்துச்சு."

அவ சொந்தக் கொரல்லயே சொன்னா. அவசரப்படாம, முழுசா சொல்லி முடிச்சா. அது வரைக்கும் நான் வாய் திறக்காம கேட்டுக்கிட்டு இருந்தேன்.