குறுக்கே வைத்த தாள்

பத்தொன்பது வருஷமாக சிஸ்டரும் டாக்டரும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் குப்பை கொட்டினார்கள். வெளி அறையில் ஒரு பெஞ்சு, எடை மெஷின், தெருவைப் பார்த்த ஜன்னலோரம் சிஸ்டரின் மேஜை. உள் அறையில் டாக்டர். பேச்சு அதிகம் தேவைப்படவில்லை. ஒருவரை உள்ளே அனுப்பும்போது சிஸ்டர் லேசாகச் செருமினால் போதும், இவர் எதையோ மறைக்கிறார், கிண்டிப் பாருங்கள் என்று டாக்டருக்குப் புரிந்துவிடும். "எங்கிட்ட பேசுறதவிட நீ அவர்கிட்ட செருமுறதுதான் ஜாஸ்தி" என்று வீட்டுக்காரர் கிண்டலடிப்பார். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமை. அந்தப் பெருமைதான் காலை வாரிவிட்டது.

லேப் ரிப்போர்ட்டுகளை முதலில் பார்ப்பது அவள். சரியில்லாத தாளைத் தாள்கட்டுக்குள் குறுக்காக வைத்து டாக்டர் மேஜைக்கு அனுப்புவாள். அவர் குறுக்கே இருப்பதை மட்டும் பார்த்து, ஏதாவது செய்ய வேண்டுமென்றால் ஓரத்தில் எழுதுவார். ஒன்றுமில்லை என்றால் நேராகத் திருப்பி வைத்துவிடுவார். நேராக இருப்பது ஃபைலுக்குப் போகும். எங்கும் எழுதிவைக்காத சட்டம் அது.

தெருமுனைத் தையல்காரம்மாவுக்கு முதுகுவலி. டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரையைச் சாப்பிட்டுவந்தார். தினமும் காலையில் அவர் கடை திறக்கப் போகும்போது சிஸ்டர் ஜன்னல் வழியாக, "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்பாள். அவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுப் போவார்.

கால் வீங்குகிறதென்று அவருக்கு ரத்தம் எடுத்தார்கள். சிறுநீரகம் தடுமாறுகிறது என்று ரிப்போர்ட் சொன்னது. சிஸ்டர் அதைக் குறுக்கே வைத்தாள். அன்று சாயங்காலம் கட்டு திரும்பி வந்தபோது அந்தத் தாள் நேராக இருந்தது, ஓரத்தில் எழுத்தும் இல்லை. டாக்டர் பார்த்துவிட்டார் என்று ஃபைலில் போட்டாள்.

இருபத்திரண்டாம் நாள் தையல்காரம்மா மெஷின் மேலேயே சரிந்து விழுந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் வலி மாத்திரைதான் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்றார்கள். இப்போது வாரம் இருமுறை டயாலிசிஸ். சரியாகுமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

டாக்டர் ஃபைலைப் பார்த்து இடிந்துபோய் உட்கார்ந்தார். "நான்தான், சிஸ்டர், சரியா பாக்காம திருப்பிருக்கேன். சாயங்காலம் நேர்ல போய்ச் சொல்லிடுறேன்."

சிஸ்டர் தன் மேஜைக்கு வந்து, அன்றைய தாள்களை எடுத்தாள். எப்போதும் போல மேஜையில் தட்டி விளிம்புகளைச் சமப்படுத்தினாள். கை அப்படியே நின்றுவிட்டது. அன்றைக்கும் இப்படித்தான். பெஞ்சு நிரம்பி வழிந்த நேரம், பிபி மெஷின் வைக்க இடம் வேண்டுமென்று, டாக்டருக்கு அனுப்பும் முன்பே கட்டைத் தூக்கி இரண்டு தட்டு தட்டியிருந்தாள். தாளை நேராக்கியது அவள் கைதான். டாக்டர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்.

வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. மத்தியானம் வரை அந்த ஆசை அவளைப் பிடுங்கித் தின்றது. சாயங்காலம் டாக்டர் கிளம்பியபோது, "நானும் வரேன்" என்று கூடவே நடந்தாள்.

தையல்காரம்மா வீட்டில் கட்டிலில் சாய்ந்திருந்தார். முகம் ஊதியிருந்தது. டாக்டர், "தப்பு என்னோடதும்மா" என்று ஆரம்பித்தார்.

"இல்ல. நான்தான் தாளைத் தட்டி நேராக்கிட்டேன்" என்றாள் சிஸ்டர். அழுகையை அடக்க முடியவில்லை.

"அந்த மாத்திரைய எழுதினவன் நான். ரிப்போர்ட் எங்கேன்னு நான் கேட்டிருக்கணும்" என்றார் டாக்டர்.

தையல்காரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம்கூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"தாளு கீளெல்லாம் எனக்குப் புரியல சிஸ்டர். தெனம் ஜன்னல்ல நின்னு மாத்திரை போட்டீங்களான்னு கேட்டீங்களே. நீங்க கேக்குறீங்களேன்னுதான் ஒரு நாள்கூட விடாம போட்டேன்."