புஷ்பலதாவின் களம்

புஷ்பலதா களத்தில் நடந்துகொண்டேதான் பேசுவார். காய்கிற காப்பிப் பழத்துக்குள் வெறுங்காலை நுழைத்து, ஏர் ஓட்டுவதுபோலச் சால் சாலாகக் கிளறிக்கொண்டு போவார். கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவில் கைபேசி இருக்கும். எதிர்முனையில் பெரும்பாலும் சேலத்தில் நர்சிங் படிக்கும் மகள் கீர்த்திகா. மகளைத் திட்டி முடிக்கவும் களத்தின் மறுகோடி வரவும் சரியாக இருக்கும்.

சேர்வராயன் மலைமேல் தலைச்சோலை கிராமத்தில் அவருக்கு ஒன்றரை ஏக்கர் காப்பி. ஊருக்கு எந்த மானியம் வந்தாலும் முதல் மனு இவருடையதுதான். மருந்தடிக்கிற மெஷின், மிளகுக் கொடி, ஆரஞ்சுக் கன்று எல்லாம் அப்படி வந்தவை. ஊர் ஜீப்பில் ஏறினாலே டிரைவர், "ஆபீசுக்குங்களாக்கா?" என்பார். ஓசியில் வாங்குகிறார் என்று யாராவது சொல்லிவிட்டால் மட்டும் கோபம் வந்துவிடும். "மானியம்னா ஓசியாங்க? பாதி நம்ம காசு, மீதி நம்ம நடை."

காப்பி காயும் சிமென்ட் களமும் மானியத்தில் போட்டதுதான். ஆனால் முதலில் கைக்காசில் கட்டி முடிக்க வேண்டும். அதிகாரி வந்து பார்த்துப் படம் எடுத்து அனுப்பினால்தான் பணம். கம்மலை அடகு வைத்துக் கட்டினார். படம் எடுக்க ஜெப்சன் என்ற இளம் அதிகாரி வந்த நாளில் மலையே மூடுபனிக்குள் கிடந்தது. படத்தில் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. "நான் எங்கீங்க சார் இதுல?" என்று புஷ்பலதா வயிறு குலுங்கச் சிரித்தாராம். மாதம் முடிவதற்குள் படம் போகாவிட்டால் இந்த வருடம் மானியம் கிடையாது என்று ஜெப்சன் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

அடுத்த வாரம் நல்ல வெயில். ஜெப்சன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். களத்தின் ஒரு பாதியில் காப்பி, மறுபாதியில் மிளகு. மிளகு சென்னம்மாளுடையது. எஸ்டேட்டில் கூலி வேலை பார்ப்பவர். சொந்த நிலம் இல்லாததால் எந்த மானியத்துக்கும் மனுப் போட முடியாதவர். சில மரத்து மிளகுக் கொடிகளைக் குத்தகைக்கு எடுத்துப் பறித்துவிட்டு, காயவைக்க இடமில்லாமல் நின்றவரைக் கூப்பிட்டுப் பாதிக் களத்தைக் கொடுத்திருந்தார் புஷ்பலதா.

"களம் உங்க காப்பிக்குன்னு குடுக்கறதுங்கம்மா. அடுத்தவங்க சரக்கு கெடந்தா மேல கேள்வி கேப்பாங்க," என்றார் ஜெப்சன்.

சென்னம்மாள் பதறிப்போய் மிளகைச் சாக்கில் அள்ளத் தொடங்கினார். "நான் எடுத்துக்கறேனுங்கக்கா. என்னால உங்க பணம் போவ வேண்டாம்."

"உடு புள்ள. ஈரத்தோட கட்டுனா நாளைக்கே பூஞ்சை புடிச்சுரும்." சாக்கைப் பிடுங்கி ஓரமாக வீசிவிட்டு, புஷ்பலதா அதிகாரியிடம் திரும்பினார். "ஏனுங்க சார், வெயிலு என்ன, நெலப் பட்டா பாத்துட்டா அடிக்குது? உள்ளத உள்ளபடி புடிங்க. வந்தா வரட்டும்."

சொல்லிவிட்டாரே தவிர, அடகில் இருக்கும் கம்மல்தான் கண்ணில் நின்றது என்று பிறகு என்னிடம் ஒப்புக்கொண்டார்.

ஜெப்சன் புஷ்பலதாவைக் காப்பிப் பக்கம் நிற்கச் சொல்லி, மிளகும் தெரியும்படியே எடுத்தார். "எழுதி அனுப்பறேங்கம்மா. கெடைக்கும்னு சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன்."

மார்ச்சில் ஒரு மத்தியானம் நான் போனபோது, கடைசிப் பறிப்புக் காப்பியும் சென்னம்மாளின் மிளகும் களத்தில் காய்ந்துகொண்டிருந்தன. சென்னம்மாள் வேலைக்குப் போயிருந்தார். பேச்சுக்கு நடுவே புஷ்பலதாவின் கைபேசி கிணுகிணுத்தது. வந்த செய்தியை எழுத்துக் கூட்டிப் படித்தவர், நம்பாமல் என்னிடம் நீட்டினார். மானியம் கணக்கில் ஏறியிருந்தது. மலையுச்சியில் இருக்கும் சேர்வராயன் கோயில் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு. அடுத்த நொடி மகளுக்குப் போன். "கண்ணு, வந்துருச்சு! நொம்ப ஆடாத, பரீட்சைக்குப் படி!"

அவர் பேசி முடிப்பதற்குள் மேகம் இறங்கிவிட்டது. கோடை மழையின் பெரிய துளிகள் சிமென்டில் பட்பட்டென்று விழுந்தன. கைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார். இருப்பது ஒரே தார்ப்பாய். அதை இழுத்து வந்து உதறி, மிளகின் மேல் விரித்து, மூலைக்கொரு கல் வைத்து அழுத்தினார். அப்புறம்தான் நனைந்துகொண்டிருந்த தன் காப்பியை இரண்டு கையாலும் வாரிக் குவிக்கத் தொடங்கினார்.