குளிரில் அடங்கிக் கிடந்த மீன்கள்

பனிக்கடலைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஆசைப்பட்டு, நாகமலை புதுக்கோட்டை வெயிலில் வந்து உட்கார்ந்தவள் நான். எண்பதுகளின் தொடக்கம் அது. துருவக் கடலில் சூடு ஏறினால் அங்கே வாழும் மீன் என்ன பாடுபடும் என்பது என் கேள்வி. அந்த மீனுக்கு எங்கே போவது? "கெடைக்கிறத வச்சுப் பாரும்மா" என்றார் பேராசிரியர். கொடைக்கானல் மேல்மலை ஓடையிலிருந்து மீன் பிடித்து வந்து, பல்கலைக்கழக ஆய்வகத்தில் குளிரூட்டிய தொட்டியில் வளர்த்தேன். அவை செத்தால் என் படிப்பும் அதோடு சரி. வீட்டில் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட எனக்கிருந்த ஒரே சாக்கும் அந்த மீன்கள்தான்.

சித்திரைத் திருவிழா சமயம். ஒருநாள் காலையில் போனால், ஆய்வகத்தைக் கூட்டிப் பெருக்கும் அக்கா தொட்டிப் பக்கத்தில் சிரித்தபடி நின்றார்.

"வா தாயி. ஒம் மீனெல்லாம் வெறைச்சுப்போயி அடியில கெடந்துச்சு. பாக்கவே பாவமா இருந்துச்சு. குளிர் மிசினை அமத்திட்டு, குழாத் தண்ணிய ஊத்துனேன். இப்ப எம்புட்டு ஓட்டம் ஓடுது பாரு."

சித்திரை மாதத்தில் ஆய்வக மாடித் தொட்டியிலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர் விடியும்போதே வெதுவெதுவென்றுதான் வரும். மீன்கள் ஓடி விளையாடவில்லை, மூச்சுக்குத் தவித்தன. தண்ணீர் சூடாக ஆக அவற்றின் உடம்பு கூடுதலாகக் காற்றுக் கேட்கும். தண்ணீரிலோ காற்று குறைந்துகொண்டே போகும். ஏற்கெனவே சில மல்லாந்து மிதந்தன. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒங்கள யாருக்கா தொடச் சொன்னது?" என்று கத்திவிட்டேன். அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று.

இயந்திரத்தை மறுபடி போட்டேன். அது குளிர்விக்க அரை நாள் ஆகும். ஐஸ் வாங்கலாம் என்றால், அழகரைப் பார்க்க நடந்து போகிற சனங்களுக்காக ஊரிலுள்ள ஐஸ் முழுக்க மோர்ப்பந்தல்களுக்குப் போயிருந்தது. சாலையோரப் பந்தலுக்கே ஓடினேன். பின்னாலேயே அக்காவும் வாளியோடு ஓடி வந்தார்.

"மீனுக்கா ஐஸு?" என்றார் பந்தல்காரர்.

பனிக்கடல், சூடு, ஆராய்ச்சி என்று மூச்சு வாங்க ஒப்பித்தேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"சரித்தா, அதுவும் உசுருதான" என்று உமிக்குள் கிடந்த பாளத்தில் பாதியை உடைத்து வாளியில் போட்டார். "ஆனா அந்தக் கடல்ல சூடு ஏறுனா அங்கன யாரு பந்தல் போடுவா?"

கிண்டலாகத்தான் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐஸைப் பாலித்தீன் பைகளில் கட்டி, ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் இறக்கினோம். தண்ணீர் மெல்லக் குளிர்ந்தது. செவுள்களின் அடிப்பு தணிந்தது. மிச்சமிருந்த மீன்கள் ஓட்டத்தை நிறுத்தி, அடியில் போய் அசையாமல் கிடந்தன.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "எல்லாம் போச்சா தாயி?"

"இல்லக்கா," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "இப்பத்தான் பொழைச்சிருக்கு."