நல்ல தண்ணி

மரக்காணத்து உப்பளப் பெண்களில் எஸ்பிரெஸ்ஸோ காபி போடத் தெரிந்தவள் சகாயசெல்வி ஒருத்திதான். அவள் வாயில் அது எஸ்பிரஸ், ரயிலைச் சொல்வது போல. பதினாறு வயதில் அளத்தில் இறங்கி இருபத்தைந்து வருடம் உப்பு வாரியதில், பாதத்தில் ஒரு வெடிப்பு ஆறுவதற்குள் அடுத்தது வாய் திறந்துவிடும். போன மழைக்காலத்தில் அளம் மூடிக் கிடந்தபோது, கூனிமேட்டுக்குப் போகிற வழியில் இருந்த நிவேதாவின் வீட்டுக்குச் சமையலுக்குப் போனாள். எஸ்பிரெஸ்ஸோ மெஷின் அங்கேதான் இருந்தது.

நிவேதா சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டுக் கடலோரம் குடிவந்தவள். காபி என்றால் உயிர். முதல் நாள் ஒரு வாய் கொடுத்ததில், கசப்பில் செல்விக்குக் கண்ணே கலங்கிவிட்டது. காய்ச்சலுக்குக் குடிக்கிற கஷாயத்தை இவ்வளவு பெரிய மெஷின் வைத்துக் காய்ச்சுகிறார்களே என்று வீட்டில் புருஷன் அந்தோணிசாமியிடம் சொல்லிச் சிரித்தாள்.

சிரித்தவள்தான் கற்றுக்கொண்டாள். நிவேதாவே ஆறு மாதம் தடுமாறிய விஷயம், அரைத்த தூளைக் கிண்ணத்தில் அழுத்துவது. ஒரு ஓரம் தளர்ந்திருந்தால் தண்ணீர் அந்த வழியாகவே ஓடி, காபி வெளுத்து இறங்கும். செல்விக்கு இது புதிதா என்ன? உப்புப் பாத்தியை மிதித்து இறுக்கும்போது எந்த மூலையில் கால் சரியாகப் படவில்லையோ அங்கேதான் கசியும். காலால் செய்ததைக் கையால் செய்தாள். காபி தேன் நிறத்தில் நுரைகட்டி இறங்கியது. கப்பூச்சினோவுக்குப் பால் நுரைக்கும்போது சத்தத்தை வைத்தே பதம் சொன்னாள். தூள் பெரிதாக அரைபட்டால் ஒரு வாய் குடித்துவிட்டு, புளிக்கிறது என்பாள். அக்கா நாக்கு தங்கம் என்று நிவேதா எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாள். ஈசிஆரில் காபிக் கடை போடப் போகிறேன், மெஷின் உங்க கையிலதான் என்றும் சொன்னாள்.

தலைக்கு மேல் கூரை, ஃபேன், காலில் செருப்பு. செல்வி கேட்டது அவ்வளவுதான். இனி அளத்துக்கு வரமாட்டேன் என்று மேஸ்திரியிடம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு வந்தாள்.

கடையில் பங்கு சேர இருந்த தமிழ்வேந்தன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்துப் பார்க்க வருவதாக ஏற்பாடு. பார்த்தால் கேன் தண்ணீர் காலி, வண்டிக்காரன் வரவில்லை. நிவேதா மாடியில் குளித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக் குழாயில் வருவது போர்த் தண்ணீர், கடலுக்குத் தம்பி. மெஷினுக்கு நல்ல தண்ணிதான் ஊற்ற வேண்டும் என்று நிவேதா முதல் நாளே சொல்லியிருந்தாள். செல்வியின் தெருவில் தண்ணீர் இரண்டு வகை. குளிக்க உப்புத் தண்ணி, குடிக்க நல்ல தண்ணி. குடத்தோடு தன் தெருவுக்கு ஓடி, குழாயில் பிடித்து, வெயிலில் இடுப்பில் சுமந்து வந்தாள். மேடம் மானத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரே பூரிப்பு.

காபி இறங்கியதும் வழக்கம்போல முதலில் தானே ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். அருமையாக இருந்தது. தமிழ்வேந்தன் ஒரு வாயோடு கப்பைக் கீழே வைத்தான். நிவேதா குடித்துவிட்டு முகம் சுளித்தாள். சர்க்கரை என்று உப்பைப் போட்டுவிட்டீர்களா என்று கேட்டாள். எதையும் போடவில்லை என்று செல்வி குடத்தைக் காட்டினாள். நிவேதா அந்தத் தண்ணீரை டம்ளரில் மொண்டு வாயில் வைத்தாள். உடனே சிங்க்கில் துப்பினாள். செல்வியின் பிள்ளைகள் குடித்து வளர்ந்த தண்ணீர் அது. செல்விக்குச் சுருக்கென்றது.

"இதுல உப்பு இருக்குதுக்கா. உங்களுக்குத் தெரியலையா?"

"நல்ல தண்ணிதாம்மா. நாங்க குடிக்கிறதே இதான்."

தமிழ்வேந்தன் தன் பாட்டிலிலிருந்து ஒரு டம்ளரும் குடத்திலிருந்து ஒரு டம்ளரும் ஊற்றி வைத்து, எதில் உப்பு என்று கண்டுபிடிக்கச் சொன்னான். செல்வி மாற்றி மாற்றி மூன்று தரம் குடித்தாள். கடைசியில் பாட்டில் தண்ணீரைக் காட்டி, இதுதான் ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். அவன் சிரித்துவிட்டான். கெட்ட எண்ணத்தில் அல்ல, ஆனாலும் சிரித்தான்.

நிவேதா சிரிக்கவில்லை. "கடைக்கு வர்றவங்க நாக்கு வேறக்கா. நீங்க எப்பவும் போல சமையலுக்கு வாங்க. மெஷின் வேணாம்" என்றாள்.

செல்வி மறுநாளிலிருந்து சமையலுக்கும் போகவில்லை. மீதித் தண்ணீரை அன்றே ஒரு சொட்டுக்கூடக் கொட்டாமல் குடத்தோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து அழுதாள்; எதற்காக என்று கேட்டால், வேலை போனதற்காக அல்ல. தங்கம் என்ற நாக்கு ஒரே காலையில் தகரமாகிவிட்டதே என்றுதான்.

தை பிறந்ததும் மேஸ்திரியிடம் போய் நின்றாள். அவர் என்னென்ன சொன்னாரோ, வாங்கிக்கொண்டு பாத்தியில் இறங்கினாள். ஈசிஆரில் காபிக் கடையும் திறந்துவிட்டார்கள். மெஷினுக்குப் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பெண் வந்து போகிறாள்.

சாப்பாட்டு நேரத்தில் செல்வி வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரை வாயில் வைத்து, விழுங்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்துப் பாத்தி சின்னப்பாப்பா ஒருநாள், என்னக்கா பண்ணுற என்று கேட்டாள். இதில் உப்பு இருக்கிறதா என்று பார்ப்பதாகச் செல்வி சொன்னாள்.

"இருக்குதா?"

செல்வி இன்னொரு வாய் ஊற்றிக்கொண்டு பார்த்தாள்.

"இல்லடி. நல்ல தண்ணிதான்."