பூசையில் வைத்த டிரைவர்

என் மகன் போன கிழமை புதிய டிரைவர் ஒன்று வாங்கினான். கார் ஓட்டும் டிரைவர் அல்ல. கோல்ஃப் ஆட்டத்தில் முதல் அடியில் பந்தை வெகுதூரம் அனுப்பும் நீண்ட மட்டை. கடையில் ஓர் இயந்திரத்துக்கு முன்னால் அவனைப் பதினொரு தடவை வீசச் செய்து, வேகத்தை அளந்து, இந்தத் தண்டுதான் பொருந்தும் என்றார்கள். பதினொன்றையும் நான் கதிரையில் இருந்தபடி எண்ணினேன். இயந்திரம் பிழையாக அளந்திருந்தால் யார் பொறுப்பு என்று கேட்டேன். "அப்பா, சும்மா இருங்கோ" என்றான். சும்மா இருந்தபோதுதான் மாமாவின் டிரைவர் நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. படிப்புக்காகக் கொழும்பில், வெள்ளவத்தையில் மாமா வீட்டில் தங்கியிருந்தேன். மாமா கோட்டைப் பகுதியில் ஒரு தேயிலைக் கம்பனியில் கணக்குப் பிரிவில் இருந்தார். அங்கே உதவி முகாமையாளர் பதவி ஒன்று காலியாகியிருந்தது. கிடைத்தால் கொழும்பு, கிடைக்காவிட்டால் திருகோணமலைக் கிளைக்கு மாற்றம். மாமி வெள்ளவத்தையிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். அதனால் திருகோணமலை என்ற சொல்லை அந்த நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை. பதவியைக் கொடுக்கவேண்டியவர் வெள்ளைக்காரப் பெரிய துரை. அவர் ஆளை நிறுப்பது அலுவலகத்தில் அல்ல, கோல்ஃப் மைதானத்தில் என்று எல்லோருக்கும் தெரியும்.

மாமா இதற்காகவே கொட்டாஞ்சேனையில் பழைய சாமான் விற்கும் முஸ்லிம் நானா ஒருவரிடம் ஒரு பை மட்டைகள் வாங்கிப் பழகியிருந்தார். அதிலிருந்த டிரைவரின் தண்டு பிரம்பைப்போல வளையும். அதன் முகம் சற்றே வானத்தைப் பார்த்திருக்கும். மாமா மெலிந்தவர், வீச்சிலும் அவசரமில்லாதவர். அந்த மட்டையால் அடித்தால் பந்து தானாகவே எழும்பும்.

வினை துரையின் அன்பால் வந்தது. மாமாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு அழைத்த துரை, தான் வைத்திருப்பதைப் போன்ற ஒரு டிரைவரைச் சீமையிலிருந்து தருவித்துப் பரிசாகவும் கொடுத்துவிட்டார். துரை பனை உயரம். மட்டையும் அவரைப்போலவே நீளம், கனம், வளையாத இரும்புத் தண்டு. மாமா அதைக் கடற்கரைக்குக் கொண்டுபோய் தெகிவளைப் பக்கம் பார்த்து அடித்தார். பந்து எழும்பவே இல்லை. தாழப் பறந்து, வலப்பக்கம் திரும்பி, கடலுக்குள் விழுந்தது.

"கடலுக்கு எத்தினை குடுத்தாச்சு?" என்று மாமி கேட்டார்.

"பதினாலு" என்றேன்.

"எண்ணாதை, சனியன்" என்றார் மாமா.

"அப்ப பழசைக் கொண்டு போங்கோவன்."

"துரை தந்ததை வீட்டில வைச்சிட்டு, கொட்டாஞ்சேனை மட்டையோட போய் நிக்கிறதோ? அவரின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது?"

அந்தக் கிழமை நவராத்திரி. சனிக்கிழமை மாலை சரஸ்வதி பூசைக்காகப் புத்தகங்களை அடுக்கினோம். மாமி துரையின் டிரைவரைக் கொண்டுவந்து, பட்டுத்துணி சுற்றி, என் கணக்குப் புத்தகத்துக்குப் பக்கத்தில் சாத்தினார். மாமா பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவரே கிட்ட வந்து அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து, ஒரு செவ்வரத்தம்பூவும் செருகினார். இதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் காலை மாமாவை ஆட்டத்துக்குக் கூட்டிப்போகத் துரை தானே காரில் வந்து இறங்கினார். அவர் படியேறியதும் மாமா வீடு அதிரக் கத்தினார்.

"ஆர் உம்மை இதைப் பூசையில வைக்கச் சொன்னது?"

"நான்தான் வைச்சனான். இனி விசயதசமி வரைக்கும் தொடக்கூடாது" என்றார் மாமி, தலையைக் குனிந்துகொண்டு.

துரைக்குத் தமிழ் விளங்காது, கோபம் விளங்கும். மாமா ஆங்கிலத்தில் விளக்கினார். துரை தொப்பியைக் கழற்றி, சாமியறை வாசலில் நின்று, பட்டும் பூவுமாக இருந்த தன் பரிசைப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது. மகிழ்ச்சியிலும் வெள்ளைக்காரர் முகம் சிவக்கும் என்று அன்றுதான் அறிந்தேன். "மாமா, நேற்று நீங்கள்தானே பூ…" என்று நான் தொடங்கியதும் மாமி என் வாயில் ஒரு பிடி கடலையைத் திணித்தார்.

துரை என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். அவ்வளவு புல்லை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மாமா பழைய டிரைவரை எடுத்து நிதானமாக வீசினார். டக் என்று சின்னதாக ஒரு சத்தம். பந்து மரங்களுக்கு மேலே ஏறி, வானத்தில் ஒரு கணம் நின்று, பிறகுதான் இறங்க மனம் வந்தது போல இறங்கியது. என்னுடன் ஒரே மேசையில் சோறு தின்னும் மனிதர் இதைச் செய்தார் என்று நம்ப முடியவில்லை.

துரையின் பந்துகளோ ஒவ்வொன்றாகத் தாழப் பறந்து வலப்பக்கத்து மரங்களுக்குள் போயின. மாமா ஒவ்வொரு தடவையும் வேறு பக்கம் பார்த்தார். கடைசிக் குழிக்கு வந்தபோது துரை கையை நீட்டினார். மாமா பழைய டிரைவரைக் கொடுத்தார். துரை வீசினார்.

பந்து எழுந்தது. நேராக, மாமாவின் பந்தையும் தாண்டி, அந்தப் பச்சையின் நடுவே போய் விழுந்தது. துரை அது விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குக் கைதட்டவேண்டும் போலிருந்தது, பயமாகவும் இருந்தது.

மாமா மெல்ல, "பின்காற்று நல்லாய் உதவியது, சேர்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

துரை சற்று நேரம் மாமாவைப் பார்த்தார். பிறகு, "ஆம், காற்று" என்று மட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

தூரத்தில் குழியருகே நட்டிருந்த கொடி எங்களை நோக்கித்தான் படபடத்துக்கொண்டிருந்தது. காற்று எதிர்க்காற்று. நான் வாயைத் திறந்தேன். மாமாவின் கை என் தோளில் வந்து இறுக்கியது.

அடுத்த மாதம் பதவி மாமாவுக்குக் கிடைத்தது. மேகத்தைத் தொட்ட மாமாவின் பந்துதான் அதை வாங்கித் தந்தது என்று வகுப்பில் எல்லோருக்கும் சொன்னேன். இவ்வளவு பெரிய ஆட்டக்காரரான மாமாவுக்குக் காற்றின் திசை தெரியவில்லையே என்பதுதான் என் ஒரே குறை. நரைத்த தலையுடன், தன் கைக்குக் கனத்துப்போன மட்டையை அன்று முழுவதும் வீசிக்கொண்டு நின்ற துரை ஒரு வயதான மனிதர் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.