பின்னேர பஸ்ஸில் எஸ்தர் எடுத்த பக்கம்

மீன்காரரிடம் கீரிமீன் பழசு என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் ரம்சியா டீச்சரின் அழைப்பு வந்தது. "எஸ்தர் டீச்சர் மௌத்தாகிட்டாவாம், ஒங்களுக்குத் தெரியுமா?" எஸ்தர் இறந்தது எனக்குத் தெரியாது. அந்தப் பழைய மீனையே வாங்கிக்கொண்டு உள்ளே வந்து கதிரையில் இருந்துவிட்டேன்.

எங்களோடு படிப்பித்தவர்களுக்கு எஸ்தரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கல்முனை மெதடிஸ்த சபைக்காரர், கணித ஆசிரியை, பஸ் முழுக்கக் கேட்கும்படி சிரிப்பவர். நான் கத்தோலிக்கம், தமிழ் ஆசிரியை. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்கு ஒரே பஸ்ஸில் பதினாறு வருடம் போய்வந்தோம். போகும்போதும் வரும்போதும் ஒரே வழக்குத்தான்: கடவுளுக்கு எல்லாம் ஏலுமா, ஏலாதா?

அது விளையாட்டாகத் தொடங்கவில்லை. சுனாமியில் என் தங்கையின் மகள் போனாள். ஐந்து வயது. செபக்கூட்டத்தில் ஒருவர், "ஆண்டவருக்கு அந்தப் பூ தேவைப்பட்டிருக்கு" என்று ஆறுதல் சொன்னார். அன்றோடு கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். பாடசாலை மீண்டும் திறந்த அன்று பஸ்ஸில் எஸ்தரிடம் வெடித்தேன். "தடுக்க ஏலுமெண்டா ஏன் தடுக்கல்ல? ஏலாதெண்டா அவரை எதுக்குக் கும்பிடுற?"

அவர் என்னைத் தேற்றவில்லை. "நல்ல கேள்வி புள்ள. காலையில நீ அவரில குற்றம் சொல்லு, நான் அவருக்காகக் கதைக்கிறன். பின்னேரம் நான் குற்றம் சொல்லுவன், நீதான் அவருக்காகக் கதைக்க வேணும்."

"எனக்கு ஏலாது."

"ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இலக்கணம் படிப்பிக்க ஏலும், இது ஏலாதா?" என்றார்.

பின்னேரத்து எஸ்தரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "சொந்த மகனையே சிலுவையில இருந்து இறக்க ஏலாம நிண்டவர் நம்மளை எப்படிக் காப்பாத்துவார்?" என்று முழங்குவார். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். நான் பதில் தேடித் திணறுவேன். ஒருநாள் ஒலுவில் சந்தி தாண்டும்போது சட்டென்று வந்தது: "ஏலாம இல்ல. மகன் இறங்கியிருந்தா, சாகிற ஆக்களோட ஆர் நிக்கிற?" எஸ்தர் உடனே, "சரி, இண்டைக்கு நான் தோத்துட்டன்" என்று கையிலிருந்த கச்சான் கடலை முழுவதையும் என் மடியில் கொட்டினார்.

பின் சீட்டில் ரம்சியா டீச்சர் குழம்பிப்போவார். "காலையில ஆண்டவனுக்கு எல்லாம் ஏலும் எண்டீங்க. இப்ப ஏலாது எண்டு கதைக்கிறீங்க. எந்தக் கதை உண்மை டீச்சர்?"

"அது பஸ் போற பக்கத்தைப் பொறுத்தது" என்பார் எஸ்தர். நெரிசலுக்குள் கொண்டக்டர் கெஞ்சுவார்: "கடவுள்ற வழக்கைப் பிறகு பாருங்க டீச்சர், நிந்தவூர் ஆக்களுக்கு இறங்க வழிய விடுங்க."

ஒருமுறை, பின்னேரம் நான் குற்றம் சொல்கிறேன், மாற்றுவோம் என்று கேட்டேன். "அந்தக் கதையே வேணாம்" என்று வெட்டிவிட்டார். சரியான பிடிவாதக்காரி என்று ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அடக்கத்தன்று அவருடைய மகன் சாமுவேல் என்னை ஓரமாக அழைத்தான். போதகர் ஜெபித்தபோது அவன் ஆமென் சொல்லாததை நான் கவனித்திருந்தேன். "மாமி, அம்மா விசுவாசத்தோடதான் போனாவா? வேலையால வீட்ட வந்தா ஒரே கதைதான், கடவுளுக்கு இது ஏலாது, அது ஏலாது எண்டு. எனக்குப் பயமா இருக்கு."

எனக்கு அங்கேதான் விளங்கியது. பதினாறு வருடமும் விளங்காத மடைச்சி நான்! பின்னேரம் அவர் குற்றம் சொன்னதால்தான், நான் ஒவ்வொரு நாளும் கடவுளுக்காக வாதாடி, அந்தச் சூட்டோடு வீட்டுக்குப் போனேன். அப்படியே மெல்ல மெல்லக் கோயிலுக்கும் திரும்பினேன். கசந்த பக்கத்தை எஸ்தர் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

"கேள்வி அவவுக்கும் இருந்ததுதான் மகன்" என்றேன். "ஆனா நான் அதை வீட்ட கொண்டுபோகக் கூடாதெண்டுதான் அவ வாங்கிக்கொண்டு வந்தவ. காலையில அவ கடவுளுக்காகக் கதைச்சதை நீ கேட்டிருந்தா! போதகரும் குறிப்பெடுத்திருப்பார்."

சாமுவேல் சிரித்தான். சிரித்தபடியே அழுதான். கல்லறையில் கடைசி ஜெபத்துக்கு அவன் சொன்ன ஆமென் எல்லோருக்கும் கேட்டது.

எஸ்தரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். துக்கத்தோடு ஒருவர் என் பக்கத்தில் வந்திருந்து, கடவுள் எங்கே போனார் என்று கேட்டால், நான் ஆறுதல் வசனம் சொல்ல மாட்டேன். முதலில் அவர் ஆசைதீரத் திட்டட்டும். அவர் வீட்டுக்குப் போகும் நேரம் வந்ததும், திட்டுகிற முறை என்னுடையது.