கப்பலுக்கு மாட்டிய பித்தளைத் தகடு

ஒரு கப்பலைப் பார்த்து வயிறெரிந்தவன் ஆக்லாந்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஈஸ்ட் டாமாக்கியில் எங்கள் பட்டறை கைப்பிடிகளும் படிகளும் செய்து கொடுக்கும். போன கோடையில் ஒரு சினிமா நடிகரின் உல்லாசக் கப்பலில் வேலை வந்தது. முன்பு அது கடற்படைக் கப்பல். கண்ணிவெடி அகற்றியது, பிறகு வேண்டாமென்று ஒதுக்கப்பட்டுத் துருப்பிடித்துக் கிடந்தது. நடிகர் வாங்கியபின் பீரங்கி இருந்த இடத்தில் நீச்சல் தொட்டி வந்தது. என்ஜின் மட்டும் பழையது. இந்தச் சரித்திரத்தைக் கப்டன் வாய் ஓயாமல் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏனென்றால் எனக்கும் ஒரு சரித்திரம் இருந்தது. கொழும்பில் பதினொரு வருடம் கப்பல் என்ஜின் அறையில் வேலை செய்தவன் நான். இங்கே வந்த புதிதில், எங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்வதையே மனைவியும் சொன்னாள்: "பெரிய வேலையெல்லாம் போட்டா இன்டர்வியூவுக்குக் கூப்பிடமாட்டினம். எடுத்துவிடுங்கோ." பதினொரு வருடத்தையும் சி.வி.யிலிருந்து அழித்துவிட்டு, ஸ்டோரில் மூட்டை தூக்கியதாக எழுதினேன். அதை நம்பித்தான் முதலாளி வேலை தந்தார்.

"பழைய என்ஜின் தெரிந்தவர் யாராவது உண்டா? கப்பலோடு நிரந்தர வேலை" என்று கப்டன் கேட்டார். பதில் நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் முதலாளி நின்றார். அதற்குள் என்னோடு வேலை செய்யும் நாகப்பட்டினத்துக்காரர் கையைத் தூக்கிவிட்டார். விசைப்படகில் இரண்டே வருடம் இருந்தவர். தேநீர் நேரத்தில் அவரிடம் மட்டும் என் கதையைச் சொல்லி வைத்திருந்தேன், மடையன்.

அவர் என்ஜின் அறைக்குள் இறங்கினார். முதலாளி என்னிடம் ஒரு பித்தளைத் தகட்டைக் கொடுத்து அந்த அறை வாசலில் மாட்டச் சொன்னார். கப்பலின் வரலாறு முழுவதும் அதில் பொறித்திருந்தது. துருப்பிடித்துக் கிடந்த வருடங்கள்கூட விடுபடவில்லை.

இரண்டாவது திருகாணியை முடுக்கும்போது கீழிருந்து குரல் வந்தது.

"அண்ணே, கிளம்ப மாட்டேங்குதே! என்ன பண்றது?"

"காத்துச் சிலிண்டரில தண்ணி நிக்கும். முதல் அதை வடிச்சுப்போட்டு ஸ்டார்ட் அடியும்" என்றேன், யோசிக்காமலே.

என்ஜின் பிடித்தது. கப்டன் கீழே ஓடி அவரைக் கட்டிக்கொண்டார். வேலை அவருக்குத்தான் என்று மேலே எனக்குக் கேட்டது. நாங்கள் தமிழில் கத்தியதைக் கப்டன் ஊர்க்கதை என்று நினைத்திருப்பார். பொறாமையோடே மிச்சத் திருகாணிகளையும் முடுக்கினேன்.

மேலே வந்த கப்டன் தகட்டைப் பார்த்தார். "துளிகூடக் கோணவில்லை. நல்ல கை உங்களுக்கு. இதற்கு முன் என்ன வேலை செய்தீர்கள்?"

எனக்காக முதலாளியே பதில் சொன்னார்: "ஸ்டோரில் மூட்டை தூக்கியவர்."

நான் ஓமென்று தலையாட்டினேன்.